கயிற்றுக்கு இந்தப் பக்கம்

"அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே. இப்பத் தூக்கிட்டு வர்றது யாரு?"

பீரங்கி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இருங்கம்மா, முகம் திரும்பட்டும்" என்றார்.

பீரங்கி என்பது பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். எல்லாம் அந்த லென்ஸால் வந்த வினை. முழங்கை நீளம். ஒற்றைக்கால் தாங்கியில் நிறுத்தினால்தான் நிற்கும்.

சட்டைப்பையில் அடங்குகிற கேமரா வந்த பிறகும் இந்த மனுஷன் ஏன் பொதி சுமக்கிறார் என்று அலுவலகமே கேலி செய்தது. தோளுக்குத் தைலம் தேய்த்து அலுத்துப்போன மனைவி, என்னைக் கட்டினதுக்கு இதையே கட்டியிருக்கலாம் என்பார்.

"நம்மளை விடாத இடத்துக்கு இது போகும்" என்பதுதான் எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில்.

இன்று யாரையும் விடவில்லை. கால்வாய்க்கு அக்கரையில் தையல் ஆலையின் கூரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது. இக்கரையில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கயிற்றை ஒட்டி, உள்ளே வேலைக்குப் போனவர்களின் வீட்டார் நின்றார்கள்.

முதலில் அவர்கள் கைப்பேசியைத்தான் நீட்டிப் பார்த்தார்கள். திரையில் இழுத்துப் பெரிதாக்கப் பெரிதாக்க மனிதர்கள் சாம்பல் திட்டாகக் கலைந்துபோனார்கள். பிறகுதான் யாரோ லென்ஸைக் கவனித்திருக்கிறார்கள்.

எழவு வீட்டில் படம் பிடிக்க வந்த கழுகு என்று விரட்டுகிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம். இன்று வழிவிட்டு நடுவில் நிறுத்தினார்கள். ஒருவர் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

அவருக்கு அது கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நீலச் சட்டை. வழுக்கை. கை அசையுது" என்று சொல்வார். கூட்டத்தில் எங்கோ ஒரு அலறல் எழும். யாராவது செருப்பை விட்டுவிட்டுப் பாலத்தை நோக்கி ஓடுவார்கள்.

முகம் மூடி வருகிறவர்களுக்கு மட்டும் "சரியாத் தெரியலைங்க" என்பார். காலையிலிருந்து அந்தப் பொய் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

அவர் தோளுக்குப் பின்னால் நின்ற பெண் மற்றவர்களைப் போல அழவில்லை. மாமியார் அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

தன் கணவனுக்கு அவள் சொன்ன அடையாளம் இரண்டுதான். இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. பழைய வேலையில் இயந்திரம் எடுத்துக்கொண்டதாம். ஆள் நல்ல உயரமாம்.

இப்போது தூக்கி வந்தவருக்கு முகம் மூடியிருந்தது.

போர்வை குட்டை. முகத்தை மூடியதில் கால்கள் இரண்டும் வெளியே கிடந்தன.

பீரங்கி வளையத்தைத் திருகினார். கலங்கலாக இருந்த இடது பாதம் மெல்லத் தெளிந்தது. தெளிந்ததும் அவர் விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. தொழில் பழக்கம், கைக்கு நல்லது கெட்டது தெரியாது.

அவர் தலையை நிமிர்த்தினார். திரும்பவில்லை.

தெரியலைங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். இவளிடம் சொல்லிவிட வேண்டுமா, சொன்னால் யார் இவளைப் பிடிப்பது என்று யோசனை ஓடியது.

அதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் உரக்கக் கேட்டது.

"இது அவரு இல்லை அத்தை. வேற யாரோ, பாவம்."

பீரங்கி திரும்பினார்.

அவள் அக்கரையைப் பார்க்கவில்லை. கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்த படம் சில நொடிகள் அதில் தானாக நிற்கும். அது அவருக்குத் தெரியாததல்ல. முகத்தால் மறைத்துக்கொண்டே இருந்ததில் மறந்துபோயிருந்தார். திரை முழுக்க அந்தப் பாதம். நகத்தில் ஒட்டிய சுண்ணாம்புத் தூள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பழைய தழும்பு வழவழவென்று இருந்தது.

சட்டைப்பைக் கேமராவாக இருந்தால் இவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

திரை அணைந்தது.

மாமியார் பெரிதாக மூச்சு விட்டார். "அவன் எதுலயும் கடைசிதான். பொறந்ததே நாள் தள்ளித்தான்" என்றார். லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

அவளும் அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க பீரங்கிக்குத் தெம்பில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் ஒரு எட்டு முன்னால் வந்து, தான் கீழே விழாமலிருக்கத் தாங்கியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அத்தனை கனமான லென்ஸ் கிடுகிடுவென்று ஆடியது. குடை பிடித்தவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அத்தைக்கு மாத்திரை வீட்டுல இருக்குண்ணே. எடுத்துட்டு வர ஆள் போயிருக்கு. அதுவரைக்கும் நீங்க பார்த்துக்கிட்டே இருங்க."

பீரங்கி குனிந்து மறுபடியும் கண்ணை வைத்தார்.

அக்கரையில் அந்தக் கால்களை உள்ளே தள்ளி, வண்டியின் கதவைச் சாத்தினார்கள்.

"தெரியுதா தம்பி?" என்றார் கீழேயிருந்து மாமியார்.

"இன்னும் வரலைங்கம்மா."