மூடி போட்ட தண்ணீர்

சங்கிலி அவள் விரலில் சுற்றியிருந்தது.

ஓர் இழுப்பு போதும், தொட்டியின் அடைப்பு கழன்றுவிடும். வெந்நீர் அத்தனையும் போய்விடும்.

நேற்று அப்படித்தான் செய்தாள்.

நேற்றுதான் இந்த வீட்டுக்கு வந்தார்கள். ஆசிரியர்களை வெளிநாட்டுக் குடும்பங்களோடு பத்து நாள் தங்க வைக்கிற திட்டம். இந்த ஜப்பானியக் குடும்பத்துக்கு இரண்டு பேர். அவளும், அதே பள்ளியில் கணக்கு எடுக்கிற வடிவு டீச்சரும்.

வந்த அன்று சாயங்காலமே வீட்டுக்கார ஹருயோ அம்மா தன் கைபேசியிடம் ஏதோ பேசினார். கைபேசி அதைத் தமிழில் சொன்னது.

முதலில் தொட்டிக்கு வெளியே, முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். அப்புறம் தொட்டியில் இறங்கி வெந்நீரில் சும்மா கிடக்க வேண்டும். எழுந்ததும் சூடு ஆறாமல் மூடி போட வேண்டும். தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும், ஒருவர் பின் ஒருவராக.

முதல் தண்ணீர் விருந்தாளிக்கு. விருந்தாளிகளில் மூத்தவருக்கு.

வடிவைவிட அவளுக்கு நாலு வயசு கூட.

எல்லாம் புரிந்தது. புரிந்தும், எழுந்ததும் கை தானாகப் போய்ச் சங்கிலியை இழுத்துவிட்டது.

தான் தொட்ட தண்ணீரை இன்னொருவருக்கு விட்டுவைத்துப் பழகாத கை.

ஹருயோ அம்மா சிரித்தார். பரவாயில்லை என்று கையை ஆட்டினார். தொட்டி மறுபடி நிரம்பும்வரை அவர் கணவர் தோளில் துண்டோடு செய்தித்தாள் படித்தார். சோறு ஆறிப்போனது.

வடிவும் சிரித்தாள்.

"என்ன டீச்சர், அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே."

பிறகு, குரலைத் தாழ்த்தி:

"நல்ல வேலதான் செஞ்சீங்க, போங்க."

அந்தக் கடைசிச் சொல்லை இன்று பகல் முழுக்க அவள் சுமந்துகொண்டு நடந்தாள். பள்ளிக்கூடம் பார்க்கப் போனபோதும். பிள்ளைகள் பாடிக் காட்டியபோதும்.

வடிவு கெட்டவள் இல்லை. விமானம் குலுங்கியபோது அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டவள். பதினோரு வருஷமாக ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை.

அந்தப் பதினோரு வருஷத்தில் மூன்று முறை காலனியில் இருக்கிற அவள் வீட்டுக்கு வடிவு வந்திருக்கிறாள். வீடு பால் காய்ச்சியபோது. மகள் சடங்குக்கு. அப்பா செத்ததற்கு.

மூன்று முறையும் வாசலில் நாற்காலி. மூன்று முறையும், "இப்பத்தான் டீச்சர் காப்பி குடிச்சிட்டு வர்றேன்."

அவளும் வற்புறுத்தியதில்லை. ஊர்த்தெருவிலிருந்து காலனிக்குள் வந்ததே பெரிசு.

இன்றும் சங்கிலியை இழுத்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. மறதிக்காரி என்று பெயர் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

இழுக்காவிட்டால் அடுத்து வடிவு.

அவள் இறங்க வேண்டும். இல்லை, தலைவலி என்று சொல்ல வேண்டும். அதை இவள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு இன்னும் எட்டு நாள் ஒரே அறையில் படுத்து எழ வேண்டும்.

சங்கிலியை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

தண்ணீரில் அவளுடைய முடி ஒன்று மிதந்தது. எடுத்தாள். இன்னொன்று கிடக்கிறதா என்று குனிந்து தேடினாள்.

இல்லை. தண்ணீர் அடிவரை தெரிந்தது.

மூடியை இழுத்துப் போட்டாள்.

வெளியே துண்டோடு வடிவு. அவளுக்குப் பின்னால், அடுத்த முறைக்கு, ஹருயோ அம்மா.

"சூடா இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"தொறந்து விடலயா?"

"இல்ல."

வடிவு துண்டின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள். திரும்பி ஹருயோ அம்மாவைப் பார்த்தாள். அவர் சிரித்தபடி, போ போ என்று தலையை அசைத்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நடையிலேயே நின்று தலையைத் துவட்டினாள். துவட்டிய இடத்தையே துவட்டினாள்.

உள்ளே குழாய்ச் சத்தம். வாளியில் மொண்டு ஊற்றுகிற சத்தம். மறுபடி. மறுபடி.

எவ்வளவு நேரம்தான் ஒருத்தி வெளியே உட்கார்ந்தே குளிப்பாள்.

குழாய் நின்றது.

ஒன்றும் இல்லை.

மூடி நகர்ந்தது.

மறுபடி ஒன்றும் இல்லை. அவள் கை துண்டோடு தலையிலேயே நின்றது.

பிறகு தண்ணீர் தொட்டியின் விளிம்பு தாண்டித் தரையில் கொட்டுகிற சத்தம். பெரிய சத்தம். ஓர் ஆள் கழுத்துவரை இறங்கினால்தான் அப்படி வழியும்.

"யம்மாடீ..."

வடிவுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற குரல்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"டீச்சர்! அங்கதான் நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்."

தண்ணீர் மெல்ல அலைந்தது.

"ஊருக்குப் போயி இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க, என்ன?"

குரலில் சிரிப்பு இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

ஹருயோ அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என்ன சொன்னாள் என்று கேட்கிற மாதிரி புருவத்தை உயர்த்தி, கைபேசியை அவள் வாயருகே நீட்டினார்.

அது காத்திருந்தது.

"தண்ணி நல்லா இருக்காம்," என்றாள்.