நெப்ராஸ்கா நோட்டு

சுவிஸ் நகரமான பாசலில் பழைய பணநோட்டு வாங்கும் கடை. கடைக்காரக் கிழவர் பூதக்கண்ணாடியை விட்டு நிமிரவே இல்லை. கொழும்பில் ஒளிந்திருக்கும் மைத்துனனைச் சுவிசுக்குக் கூப்பிட நித்தியானந்தன் இந்த நோட்டைத்தான் நம்பியிருந்தான்.

“நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர் வங்கி தன் பெயரில் வெளியிட்டது. நாலாயிரம் பிராங் பெறும்” என்ற கிழவர் நோட்டின் மூலையைக் காட்டினார். “ஆனால் இந்தச் சிவப்புக் கறை! இனி நூறுதான்.”

அங்கிருந்தே மனைவிக்குப் போன் அடித்தான்.

“புனிதம், சந்தையிலை வாங்கின பழைய பெட்டிக்குள்ளை கண்டெடுத்த அமெரிக்க நோட்டிலை குங்குமம் வைச்சது நீரோ?”

“ஓம். வீட்டுக்குப் புதுசா வந்ததுக்குப் பொட்டு வைக்காமல் விடுறதோ?”

“நாசமாப் போச்சு! உம்மடை தம்பியின்ரை பயணத்தை நீரே கெடுத்துப்போட்டீர்.”



“அப்ப, அம்மன் படத்துக்குப் பின்னாலை இருந்ததையோ கொண்டுபோனனீங்கள்? ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்? அது சாமிக்கு வைச்சதெல்லோ!”

“வேறை எதைக் கொண்டுவாறது?”

“கிடைச்சது இரண்டு. முதல் தாள் சாமிக்கு. விக்கிறதுக்குப் பொட்டு வைக்காத மற்றதை உங்கடை கோட்டுப் பைக்குள்ளை வைச்சனான். சொல்ல முதல் ஓடியிட்டியள்.”

நித்தியானந்தன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டான். கிழவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.