அடிக்குரல்

முப்பது வருடம் ராக் கிதார் வாசித்த டெரிக், அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் இளமையைக் கிறங்கடித்த டூ-வாப் என்ற அமெரிக்கக் குழுப்பாடல்களுக்கு நன்றியாக ஓர் ஆல்பம் செய்தார். முழுக்க நான்கு குரல்கள்தான். கீழ்ஸ்தாயியில் பாடும் அடிக்குரல், இறந்துபோன என் கணவர் காசிமின் இடம். அவருக்குப் பதிலாக வந்த பாடகர் “டூ-வாப்” என்று சுத்தமாகப் பாடினார். டெரிக் நிறுத்தினார்.

“டூ-வாப்பான்னு பாடுய்யா. காசிம் அப்படித்தான் பாடுவான்.”

“அது தப்பாச்சே சார்?”

“அவங்கப்பாவக் கூப்பிடுறான்னு நாங்களும் சிரிச்சோம். அப்புறம் எங்க வாயிலயும் அதான் வந்துச்சு.”

ஏழு முறை பாடியும் அந்தக் குரலில் காசிம் வரவில்லை. டெரிக் என்னிடம் திரும்பினார்.

“தங்கச்சி, நீ பாடிக் காட்டேன்.”

நான் பாடியதே இல்லை. மைக் முன்னால் நின்று, காசிம் மூச்செடுக்கும் இடத்தில் மூச்செடுத்தேன்.