அதிமதுரப் பாத்தி

கடப்பாரை கல்லில் பட்டுத் தெறித்தது. மெக்கானிக் அதை மறுபடி ஓங்கினார்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் இருந்தது. அதில் பாதி இப்போது பள்ளம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையைக்கூட அவர் மாற்றவில்லை.

அவர் மனைவி அங்கே பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். காலையில் சமையலறை வாசலில் சரிந்தவள்தான். பிரஷர் தாறுமாறாக ஏறி, எந்த ஊசிக்கும் இறங்க மறுத்தது. இந்த ஒரு நாள் தாண்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தவர்தான்.

பாத்தியில் இருந்தது அதிமதுரம். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வேர்த்துண்டுகளை எங்கிருந்தோ வாங்கி வந்து நட்டார். ஒரு வருடமா இரண்டு வருடமா, வேர் தடிக்கக் காத்துக் கிடந்தார். மணல் கலந்து மண்ணை இளக்கினார். ஊதா நிறத்தில் பூ எட்டிப் பார்த்தால் உடனே கிள்ளிப்போட்டார், அந்தச் சத்தும் வேருக்கே போகட்டும் என்று.

குளிரில் தண்டு காய்ந்து விழுந்தபோது செடி போய்விட்டது என்றார்கள். அவர் நம்பவில்லை. வெயில் வந்து தளிர் விட்டதும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெற்ற மகள் பாஸானபோதுகூட மனுஷன் இந்த ஆட்டம் ஆடவில்லை என்று மனைவி கிண்டல் செய்வாள்.

அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். பிள்ளைகளிடம் கத்திக் கத்தியே குரலைத் தொலைத்தவள். இந்த வேரின் கஷாயம் குடித்துத்தான் மறுபடி வாயைத் திறந்து பேசினாள். அதில் பொய்யில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எது வந்தாலும் அவர் நம்பியது இந்தப் பாத்தியைத்தான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா குட்டைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

பள்ளத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டி, கட்டைவிரல் தடிமனில் வேர்கள் குவிந்திருந்தன. வெட்டுப்பட்ட இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. இவ்வளவு நல்ல வேரைக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தால் டீச்சரம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அவள் ஆறுதல் சொன்னாள். அப்படியே, தன் வறட்டு இருமலுக்கும் ஆகுமே என்று கையை நீட்டி ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

தையல்காரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. தெருவில் யார் தும்மினாலும் வேரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற ஆள், இன்று ஒரு துண்டுக்கு இப்படியா? மனசு சரியில்லாத மனுஷன் என்று பொறுத்துக்கொண்டாள்.

அவர் அந்தத் துண்டையும் மற்ற எல்லாவற்றையும் அள்ளி ஒரு தகர டிரம்மில் போட்டார். மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். மாத்திரையைத் தவிர வேறு என்ன கொடுக்கிறீர்கள்?

மெக்கானிக் பெருமையாகத்தான் சொன்னார். பூ கிள்ளுவதிலிருந்து ஆரம்பித்தார். பிரஷர் ஏற ஏறக் கஷாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சியதையும் சொன்னார். டாக்டர் பேனாவை மூடினார். அளவுக்கு மேல் போனால் அந்த வேரே பிரஷரை ஏற்றிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பச்சை வேர் சரியாக எரியவில்லை. புகைதான் வந்தது. மெக்கானிக் மறுபடி பள்ளத்தில் இறங்கினார்.

மண்ணுக்குள் ஒரு துண்டு தங்கினாலும் அது முளைத்துவிடும். கிளை வேர்கள் சுவருக்கு அடியிலும் படிக்கு அடியிலும் ஓடியிருந்தன. கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையாலேயே பறித்தார். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கடைசி வேரையும் பிடுங்கிவிட்டால் அங்கே அவள் கண் திறப்பாள் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்றும் தெரிந்தது. கை நிற்கவில்லை.

படியில் கிடந்த போன் அடித்தது. அவர் அசையவில்லை.

புகையைப் பார்த்துப் பதறி ஓடி வந்திருந்த தையல்காரம்மா அதை எடுத்து, மண் அப்பிய மனிதரின் காதில் வைத்துப் பிடித்தாள்.

மகள்தான். அம்மா கண் திறந்துவிட்டாள், பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இனி பயமில்லை என்றாள். அழுதாள், சிரித்தாள். கடைசியில் அவளுக்குக் கோபமும் வந்தது.

“டாக்டர் கேட்டதும் அம்மா உண்மையச் சொல்லிட்டாங்கப்பா. நீங்க தினம் அரை டம்ளர்தான் குடுத்தீங்களாம். இனிப்பா இருக்குன்னு இவங்கதான் உங்களுக்குத் தெரியாம எடுத்து எடுத்துக் குடிச்சாங்களாம். உங்க மேல ஒரு தப்பும் இல்லப்பா, கேக்குதா?”

கேட்டது. தையல்காரம்மாவுக்கும் கேட்டது. பார்த்தீர்களா, பாரம் இறங்கியது என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் பள்ளத்திலேயே உட்கார்ந்தார்.

போன மாதத்திலிருந்தே அவள் கைகள் ஓய்ந்துபோயிருந்தன. ஒரு டம்ளரைத் தூக்கவும் தெம்பில்லை. மகள் பயந்துவிடுவாள் என்று இருவரும் மறைத்து வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் அவர்தான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கஷாயத்தைப் புகட்டினார். போதும் என்று அவள் முகத்தைத் திருப்பிய நாட்களில்கூட விட்டதில்லை.