பித்தளை நட்டு

கார் நின்றதும் நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

டிசம்பர் மாதம், காலை ஏழு மணி. குளிருக்காக என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. கோர்படி ரயில்வே கேட்டைத் தாண்டி ஐம்பது அடிகூடப் போகவில்லை. எஞ்சின் இருமியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, அவ்வளவுதான். பின்சீட்டில் என் தங்கை ஜொஹ்ரா பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி, மாதாவை ஒரு தடவையும் ஜொஹ்ராவுக்காக அல்லாவை ஒரு தடவையும் கூப்பிட்டாள்.

கார் ஓட்டி வந்த ஜொஹ்ராவின் புருஷன் ஷாகுல் ஹமீது குதிரை டாங்கா தேடி ஓடினான். மதராஸ் வண்டி வருகிற நேரம், டாங்காக்காரர்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். டாங்கா இல்லாமல் திரும்பியவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடி, மெக்கானிக் கரீமைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

முந்தாநாள் ஷாகுலின் இந்தக் காரில் வேலை செய்தது கரீம்தான். பெட்ரோல் போகும் பழைய ரப்பர் குழாய் வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிலிட்டரி ஏலத்தில் எடுத்த கம்பிப் பின்னல் ஹோஸை மாட்டி, இரண்டு முனையிலும் மரை வெட்டிய பித்தளை நட்டு வைத்து முறுக்கினான். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போகிற வண்டி என்று ஷாகுல்தான் அந்த உசத்தி சாமானைப் போடச் சொன்னான்.

அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றேன். ரயில்வே காலனியின் தண்ணீர்க் குழாய்களுக்கெல்லாம் நான்தான் ஃபிட்டர். குழாய் வேலை எங்கே நடந்தாலும் என் மூக்கு தானாக நுழைந்துவிடும்.

நட்டுக்குள் ஒன்றும் வைக்காமல் முறுக்குகிறாயே என்று கேட்டேன். பித்தளைமேல் பித்தளை உட்கார்ந்தாலே போதும், பெட்ரோல் குழாயில் வேறு எதுவும் கூடாது என்றான் கரீம். சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். அவன் தகரக் கொட்டகை போட்டு ஆறு மாதம்.

"என்னய்யா வேலை பாத்திருக்கே? உள்ளே ஒரு உசுரு துடிக்குது!" ஷாகுல் நடு ரோட்டில் கத்தினான்.

ஆள் கூடிவிட்டது. அதில் பாதிப் பேர் கரீமிடம் வண்டி விடுகிறவர்கள். அவன் பானெட்டைத் தூக்கினான்.

நட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஈரமாக ஒரு கொத்துச் சணல் நார் வந்தது. அதில் வெள்ளை பெயிண்ட் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. பெட்ரோலில் பெயிண்ட் கரைந்து, நார் பிய்ந்து, கார்புரேட்டருக்குள் போய் அடைத்திருக்கிறது.

சணல் சுற்றி வெள்ளை பெயிண்ட் தடவுவது தண்ணீர்க் குழாய்க்காரன் பழக்கம். எந்த மெக்கானிக்கும் அதைச் செய்யமாட்டான்.

நேற்று சாயங்காலம் ஷாகுல் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் நான் செய்தேன். தங்கை போகிற வண்டியில் ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது என்றுதான் செய்தேன். என்னிடம் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

கரீம் நாரைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டுப் பையைப் பார்த்தான்.

எனக்குக் காது மடல் சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது இருமல்.

ஷாகுல் என்ன அது என்று எட்டிப் பார்த்தான். கரீம் நாரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

"குப்பை, பாய். நான்தான் சரியா துடைக்காம விட்டுட்டேன். மாஃப் பண்ணுங்க."

அதற்கப்புறம் ஷாகுல் திட்டியதை எழுத முடியாது. இனிமேல் இவனிடம் யார் வண்டி விடுவார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் மராத்தியில் சொன்னார். கரீம் கார்புரேட்டரில் அடைத்திருந்த ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதிக்கொண்டிருந்தான்.

பின்சீட்டிலிருந்து ஜொஹ்ரா மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "எங்க அண்ணங்கிட்ட குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா, மச்சான்?"

அந்த வலியிலும் அவளுக்கு என்னைப் பற்றிப் பெருமை. நான் அந்த ரோட்டிலேயே புதைந்து போனால் தேவலை என்றிருந்தது.

பத்தே நிமிடம். கரீம் நட்டை உள்ளே ஒன்றும் வைக்காமல் முறுக்கினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

நான் கதவருகே போனேன். கரீம் பெட்ரோலில் நனைத்த துணியை என்னிடம் நீட்டி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

"நகத்துல இருக்கறதைத் துடைச்சிட்டு ஏறுங்கண்ணே. தங்கச்சி பாத்துடும்."

கைகளை வெளியே எடுத்தேன். நேற்று ராத்திரி சோப்புப் போட்டு எவ்வளவோ தேய்த்தும், பத்து நகத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது.

துணியை வாங்குவதற்குள், என் கையைப் பிடித்துக்கொள்ள ஜொஹ்ரா ஜன்னல் வழியாகத் தன் கையை நீட்டிவிட்டாள்.