ஒன்பது மணிக் கூட்டம்

“மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா, டாக்டர்?”

“சாயங்காலம் வீட்டுக்குத்தானே வரப்போறேன், பெரியவரே. அதுக்கு எதுக்கு டப்பாவைத் தூக்கணும்?” சிரித்தபடி காரின் பின்சீட்டில் ஏறினார் நிதி மந்திரி டாக்டர் பாபிகர்.

“இந்தக் கூட்டமெல்லாம் இழுத்துக்கிட்டே போகும். ஒரு சால்வையும் எடுத்துக்கோங்க.”

ஓட்டுநர் பகீத் சாவியைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தார். கிழவர் பிடிவாதம் மந்திரிக்குத் தெரியும். உள்ளே போய் இரண்டையும் எடுத்து வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

ஜெனரல் ஆட்சியைப் பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. பெயர் இடைக்கால அரசு. அந்த இடைக்காலத்துக்குள் பகீத்தின் வண்டியில் ஏறிய நான்காவது நிதி மந்திரி இவர். வெளிநாட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர். கூப்பிட்டார்கள், வந்துவிட்டார். ஐந்து மாதம் ஆகிறது.

“ஏன், பாலத்து வழியா போகலையா?”

“ரொட்டிக்கடை வரிசை பாலம் வரைக்கும் வந்துடுச்சு. சுத்தித்தான் போகணும்.”

ஓம்துர்மான் நகரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் வரிசைதான். நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னும் பதினோரு நாளைக்குத்தான் மாவு,” என்றார் பாபிகர். “கப்பல் துறைமுகத்துல நிக்குது. டாலரைக் காட்டாம கப்பல்காரன் மூட்டையை இறக்க மாட்டேங்கறான். கடன் கொடுக்கறவங்க முதல்ல ரொட்டி விலையை ஏத்துங்கறாங்க.”

“ஏத்தினா எவ்வளவு ஆகும்?”

“இப்ப ஒரு பவுண்டுக்கு விக்கற ரொட்டி அஞ்சு பவுண்டு ஆகும்.”

பகீத் வீட்டில் பதினோரு வாய். ஒரு நாளைக்கு முப்பது ரொட்டி. ஐந்து பவுண்டு என்றால் பத்தாம் தேதிக்கு மேல் வீட்டில் அடுப்பு எரியாது.

“பயப்படாதீங்க. ஏத்தக் கூடாதுன்னுதான் இதை எழுதியிருக்கேன்.” பாபிகர் மடியிலிருந்த கோப்பைத் தட்டினார். “ராணுவம் நடத்தற கம்பெனிங்க வரி கட்டட்டும். தங்கம், கோந்து, ஆட்டுக்கறி எல்லாம் அவங்க கையில. வித்த டாலர்ல கால்வாசி கஜானாவுக்கு வந்தாப் போதும், ஒரு வருஷத்துக்கு ரொட்டியைத் தொட வேண்டாம். மொத்தம் எத்தனை கம்பெனி தெரியுமா? நாப்பத்தி…”

“நாப்பத்திரெண்டு.”

“அட. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன்ல பேசறீங்களே. எனக்குக் காது மட்டும்தான் படிச்சிருக்கு.”

பாபிகர் சிரித்தார். “இன்னிக்கு ஒன்பது மணிக்கு எல்லார் முன்னாலயும் படிக்கப் போறேன். படிச்சுட்டா அப்புறம் மறைக்க முடியாது பாருங்க.”

“ஜெனரலுக்குத் தெரியுமா?”

“நேத்தே காட்டிட்டேன். கடைசி வரைக்கும் கேட்டார். தோளைத் தட்டிக் கொடுத்தார்.”

“தட்டிக் கொடுத்தாரா.” பகீத் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

“உண்மையைச் சொன்னா, இதுல பாதி என்னோடதில்ல. நான் சேர்ந்த அன்னிக்கு இந்த சீட்டுல ஒரு பழைய கோப்பு கிடந்ததே, ஞாபகமிருக்கா?”

“முன்னாடி இருந்தவர் மறந்துட்டுப் போயிருப்பார்னு சொன்னேன்.”

“அதேதான். நீல மசி, கறுப்பு மசி, நடுநடுவுல பென்சில். நான் பச்சை மசியில எழுதி முடிச்சு வெச்சேன். அந்த மனுஷன் இப்ப எங்கே இருக்கார்? உடம்பு சரியில்லன்னு விலகிட்டார்னு ரேடியோவுல சொன்னாங்க. அவருக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் அதே வியாதி.”

“மூணு பேரையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். பத்திரமா இருக்காங்க.”

“சரி, நீங்க சொல்லுங்க. இந்தத் திட்டம் நடக்குமா?”

“நான் காகிதத்தை நம்பறதில்ல, டாக்டர். எந்தக் காகிதமும் என் வீட்டுத் தட்டுல வந்து விழுந்ததில்ல.”

“ரொம்பத்தான் அவநம்பிக்கை உங்களுக்கு.”

வண்டி நீளமான ஒரு மதில் சுவரை ஒட்டிப் போய் இரும்புக் கதவின் முன் நின்றது. மேலே முள்கம்பி. காவல் கூண்டிலிருந்து ஒரு சார்ஜென்ட் இறங்கி வந்தான்.

“ஆறு மணிக்கே உத்தரவு வந்திருக்குமே, பகீத் மாமா. ஏன் இவ்வளவு நேரம்?”

“சால்வை எடுக்க வேண்டியிருந்தது.”

பாபிகர் மதிலைப் பார்த்தார். மடியிலிருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. “ஒன்பது மணிக்கு எனக்குக் கூட்டம் இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

“அது முடிஞ்சுபோச்சு, டாக்டர். இறங்குங்க. மாத்திரை கொண்டு வரலாம், காகிதம் கூடாது,” என்றான் சார்ஜென்ட்.

இறங்கும்போது பாபிகர் முன்சீட்டுப் பக்கம் குனிந்தார். கோப்பைக் கிழவரின் மடியில் போட்டார்.

“எரிச்சுடுங்க, பெரியவரே. உங்ககிட்ட இருந்தா உங்களுக்கும் ஆபத்து.”

“சரி, டாக்டர்.”

கதவு மூடியது. ஐந்தாவது மந்திரி பதினோரு மணி விமானத்தில் வருகிறார். இன்னும் நேரம் இருந்தது. பகீத் ஆற்றங்கரை ஓரமாக வண்டியை நிறுத்தி ஒரு சிகரெட் பற்றவைத்தார். எரிகிற தீக்குச்சியோடு கோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குச்சியை ஊதி அணைத்தார்.

கோப்பைத் துணியால் துடைத்து, முன்னாடி இருந்தவர் மறந்துவிட்டுப் போனது போலப் பின்சீட்டில் வைத்துவிட்டு, விமான நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினார்.