சிவப்பு இழை

வேரைச் சுற்றிப் படரும் பூஞ்சையின் ஓர் இழை ஸ்லைடில் கிடந்தது. சாயம் ஏற்றினால் செத்தது சிவப்பாகவும் உயிருள்ளது பச்சையாகவும் ஒளிரும். "சிவப்பா, நீளமா இருக்கே, அது என்ன அண்ணி?" என்று மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி கேட்டான் பொற்கலையின் கணவனுடைய தம்பி முத்தரசு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தான். "பூஞ்சை. செத்துப்போச்சு." "அதுமேல அப்பிக்கிட்டிருக்கிற பச்சை?" "மண்ணுல இருக்கிற பாக்டீரியா. அது உயிரோட இருக்கு." அவன் நிமிர்ந்தான். "அண்ணனுக்கு மூளை செத்துப்போச்சாம் அண்ணி. நீங்க சரின்னு சொன்னா மெஷினை எடுத்துருவாங்க." பூஞ்சையில் எத்தனை பாக்டீரியா ஒட்டியிருக்கின்றன என்று எண்ணும்போது, கழுவியும் போகாததைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பொற்கலை ஸ்லைடின் ஓர் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, மறு ஓரத்தில் உறிஞ்சுதாளை வைத்து இழுத்தாள். ஒரு பச்சைப் புள்ளியும் நகரவில்லை. மறுபடியும் கழுவினாள். "அம்மா அங்க தனியா நிக்கிறாங்க அண்ணி." சட்டென்று ஸ்லைடைக் குழாய்க்கடியில் நீட்டித் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டாள். மாணவர்கள் யாராவது இப்படிச் செய்தால் திட்டித் தீர்த்துவிடுவாள். ஈரம் சொட்ட அதை மீண்டும் வைத்துப் பார்த்தாள். சிவப்பு இழையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. அது கிடந்த வளைவிலேயே, வரிசை கலையாமல், ஒன்றையொன்று பிடித்தபடி பச்சைப் புள்ளிகள் கண்ணாடியில் ஒட்டி நின்றன. "நான் என்னன்னு போய்ச் சொல்லட்டும்?" என்றான் முத்தரசு. "இருங்க தம்பி" என்றாள். "இதுங்க இன்னும் விடல."